தோற்றவர்கள் வீரர்கள் மட்டுமா?

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கோவாவின் மட்காவ் நகரில் இந்தியக் கால்பந்து அணி சிங்கப்பூரிடம் 1-2 என்ற கணக்கில் தோற்றது. பதினான்காம் நிமிடத்தில் சாங்டே அடித்த கோலினால் முந்தியிருந்தது நம் அணிதான். இடைவேளைக்குச் சற்று முன்னர் ஒன்றும், இடைவேளைக்குப் பின்னர் ஒன்றுமாகச் சிங்கப்பூரின் சோங் உய் யோங் இரண்டு கோல்களை அடித்தார். அத்துடன் 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பு நமக்கு அற்றுப் போயிற்று.

இருபத்து நான்கு நாடுகள் ஆடும் போட்டி அது. அந்த இருபத்து நான்கில் ஒன்றாக நூற்று நாற்பது கோடி மக்களின் நாடு இடம்பெறவில்லை. அடுத்த மாதம் டாக்காவில் வங்காளதேசத்திடமும் 0-1 என்று தோற்றோம். அம்மாதம் வெளியான உலகத் தரவரிசையில் நமக்குக் கிடைத்த இடம் 142. இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 2023 ஜூலையில், நாம் 99ஆம் இடத்தில் இருந்தோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சரிவின் வேகம் விளங்கும்.

இத்தகைய தோல்விக்குப் பின்னர் நம் வீடுகளிலும் கடைத்தெருக்களிலும் வழக்கமாக எழும் பேச்சு ஒன்றுண்டு. "பையன்களுக்கு ரோஷம் இல்லை, பணம் வந்துவிட்டது, பசி போய்விட்டது" என்பதே அது. ஓடி ஓடி இளைத்தவனைத் திண்ணையில் அமர்ந்திருப்பவன் ஏசுவது எளிது. ஆனால் இடக்காலால் பந்தைச் சரியாகக் கடத்தத் தெரியாதவனுக்கு ரோஷம் மட்டும் வந்து என்ன பயன்? அதனைப் பத்து வயதில் எவரேனும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் நாட்டின் சட்டையை அணிந்த பிறகு கற்பிக்க இயலாது.

இதனை நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த ஒருவர் எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, செய்தும் காட்டிய செய்தி இது.

மர்ஹூம் சையத் அப்துர் ரஹீம் அவர்களை இன்றைய தலைமுறை 2024இல் வெளிவந்த ஓர் இந்தித் திரைப்படத்தின் வாயிலாகவே அறியும். உஸ்மானியாப் பல்கலைக்கழகப் பட்டதாரியான அவர் 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு தொடங்கி 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்த அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அக்காலத்தில் கால்பந்து என்றால் கல்கத்தா என்றே இருந்த நினைப்பை மாற்றியவை அந்த ஐந்து வெற்றிகள்.

அவர் கையாண்ட முறைகளைக் கேளுங்கள். சிறுவர்களுக்காகத் தனிப் போட்டிகள் நடத்துவார். ஒரு போட்டியில் வலக்கால் பழக்கமுள்ளவன் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும். இடக்காலன் வலக்காலால் ஆட வேண்டும். மற்றொரு போட்டியில் பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு வளைந்து நெளிந்து ஓடுவதற்குத் தடை. வந்த பந்தை உடனே தோழனிடம் கொடுத்துவிட வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வெளிநாட்டு உபகரணம் ஏதும் இல்லை. ஒரு மைதானமும், சில பந்துகளும், நாள் தவறாமல் வந்து நிற்கும் ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும். ஆசிரியர் என்ற சொல்லை இங்கே அறிந்தே கையாளுகிறோம். வகுப்பில் கணக்கைக் கற்பிப்பவர் ஒரே கணக்கை நூறு முறை போடச் செய்வதில்லையா? அவரும் அதைத்தான் செய்தார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவரது இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று படுதோல்வி கண்டது. குளிர்நாட்டு மைதானத்தில் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. அந்தத் தோல்விக்குப் பின்னர் காலணி கட்டாயமாக்கப்பட்டது. ரஹீம் அவர்களோ அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்துத் திரும்பினார். நடு முன்னணி வீரரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து எதிரணித் தடுப்பாளர்களைக் குழப்பும் அந்த உத்தியை நான்கே ஆண்டுகளில் மெல்போர்னில் தம் அணியிலும் ஆட வைத்தார். 1956 ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதிவரை சென்று நான்காம் இடம் பெற்றோம். அசீசுத்தீன், நூர் முஹம்மது, ஜுல்ஃபிகாருத்தீன், பலராம் என்று அந்த அணியில் ஹைதராபாத் மண்ணின் பிள்ளைகள் பலர் இருந்தனர். பத்துக் கோல் வாங்கிய பயிற்சியாளரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் மெல்போர்ன் நமக்குக் கிடைத்திருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அதனினும் பெரிது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி அது. தாய்லாந்தை வென்றபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் பட்டுத் தையல் போடப்பட்டது. ஜப்பானை 2-0 என்றும், தென் வியட்நாமை 3-2 என்றும் கடந்து இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஆடி வளர்ந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் இருந்தார். அரங்கில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் நமக்கு எதிராகக் கூச்சலிட்டனர். அந்த விளையாட்டுகளிலிருந்து தைவானையும் இஸ்ரேலையும் இந்தோனேசியா விலக்கியதை இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி எதிர்த்ததால் மூண்ட கோபம் அது. ரஹீம் அவர்கள் காயமுற்ற ஜர்னைல் சிங்கைத் தடுப்பிலிருந்து எடுத்து முன்னணியில் நிறுத்தினார். தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற அதே கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றோம். புற்றுநோயைச் சுமந்துகொண்டே அவர் அந்த அணியை நடத்தினார் என்பதும், 1963 ஜூன் 11ஆம் நாள் மறைந்தார் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருக்குப் பின்னர் 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் சையத் நயீமுத்தீன் தலைமையில் வெண்கலம். பெருமை பேச அவ்வளவே மிஞ்சியது. உலகம் தொண்ணூறு நிமிடம் ஆடிக்கொண்டிருக்க, நம் உள்நாட்டுப் போட்டிகள் நீண்ட காலம் எழுபது நிமிடத்தோடு நின்றன. கடைசி இருபது நிமிடத்தில் நம் வீரர்கள் கால் ஓய்ந்து நின்றதில் வியப்பென்ன?

நாம் 1962இல் 2-0 என்று வென்ற ஜப்பானின் கதையும் இங்கே நினைக்கத் தக்கது. 1960இல் அவர்கள் டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளரை வரவழைத்தார்கள். 1968 ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார்கள். பிறகு அவர்களும் சறுக்கினார்கள், அதை மறைக்கவில்லை. 1993இல் முறையான தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்கினார்கள். 1998 முதல் ஓர் உலகக் கோப்பையைக்கூட அவர்கள் தவறவிட்டதில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 1992இல்தான் தனி நாடாகத் தன் முதல் ஆட்டத்தை ஆடிய உஸ்பெகிஸ்தான், 2024 ஜனவரியில் கத்தாரில் நம்மை 3-0 என்று வென்றது. அந்நாடு இளைஞர் அணிகளுக்காகப் பாடுபட்டு 2023இல் இருபது வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையையும், 2025இல் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையையும் வென்றது. 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது.

இனி நம் பயிற்சியின் இலட்சணத்தைப் பார்ப்போம். 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு. லீக் தொடங்கும் வேளை என்பதால் வீரர்களை அனுப்பக் கிளப்புகள் தயங்கின. எவரெவரோ சேர்ந்த ஓர் அணி ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில்தான் போய்ச் சேர்ந்தது. மறுநாள் சீனாவிடம் 1-5. பயணக் களைப்புத் தீரும் முன்னரே ஆட்டம் முடிந்துவிட்டது. அடுத்து 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பைக்கு முன்னர் நீண்ட முகாம் வேண்டுமென்று பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் மன்றாடியும் கிடைத்தது சில நாட்களே. மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு கோலும் இல்லை. 2024ஆம் ஆண்டு முழுவதும் ஆடிய பதினோர் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை.

ஆனால் பயிற்சியாளரையும் நாம் முழுதாக விடுவிக்க இயலாது. 2022 தகுதிச் சுற்று ஆட்டங்களின்போது எந்த வீரரை ஆட வைப்பது என்று பயிற்சியாளர் ஒரு சோதிடரிடம் பெயர்ப் பட்டியலை அனுப்பிக் கேட்டார் என்ற செய்தியை 2023 செப்டம்பரில் ஆங்கில நாளேடு ஒன்று வெளியிட்டது. ரஹீம் அவர்கள் வீரனின் காலைப் பார்த்தார். இவர்கள் கிரகத்தைப் பார்த்தார்களாம்!

முகாம் நாட்களைக் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுவோரும் உளர். அவர்களிடம் 2011 ஆசியக் கோப்பையை நினைவூட்ட விரும்புகிறோம். பாப் ஹவ்ட்டன் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர் அதற்காக வீரர்களை மாதக்கணக்கில் ஒன்றாக வைத்துக்கொண்டு, வெளிநாடுகளுக்கும் அழைத்துச் சென்று பயிற்சி கொடுத்தார். முடிவு? ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென் கொரியாவிடம் 1-4. முகாம் என்பது தேர்வுக்கு முந்தைய வாரப் படிப்புப் போன்றது. ஆண்டு முழுவதும் படித்தவனுக்கு அது உதவும். படிக்காதவனை அது தேற்றாது. குறை அன்றாடப் பயிற்சியில் இருக்கிறது. கிளப்புகளில், அதற்கும் முன்னர் பள்ளிகளில், தெருக்களில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியது. அன்று முதல் 2025 வரை நடந்த பதினொரு பருவங்களிலும் அதிகக் கோல் அடித்தவருக்கான பரிசை வெளிநாட்டவரே பெற்றிருக்கின்றனர். வெற்றி வேண்டும் கிளப்பு முன்னணி இடத்தில் வெளிநாட்டவரை நிறுத்துகிறது. நம் பையன் ஓரத்தில் ஓடுகிறான், அல்லது பலகையில் அமர்கிறான். கோல் முனையில் நின்று பழகாதவன் நாட்டுக்காக ஆடும் ஒரு நாளில் மட்டும் எப்படிக் கோல் அடிப்பான்? அதனால்தான் 2024 ஜூனில் ஓய்வு பெற்று விடைபெற்ற சுனில் சேத்ரியை, நாற்பது வயதில், 2025 மார்ச்சில் மீண்டும் அழைத்துவர நேர்ந்தது. வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராக அவர் கோலும் அடித்தார். கைதட்டினோம். அது சேத்ரிக்குப் பெருமை, நமக்கு வெட்கம்.

கிளப்புகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. சம்பளம் கொடுப்பவர்கள் அவர்கள். நாட்டு அணிக்குச் சென்று காயத்துடன் திரும்பும் வீரனைத் தேற்றுபவர்களும் அவர்களே. 2025 ஆகஸ்டில் மோகன் பகான் தன் வீரர்களை அனுப்ப மறுத்தபோது அந்தக் கசப்பே வெளிப்பட்டது. இரு தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்தி, ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியை வகுத்து, "இந்த நாட்கள் நாட்டுக்கு, இந்த நாட்கள் கிளப்புக்கு" என்று தீர்த்து வைப்பது யாருடைய வேலை?

அங்கேதான் தலைமை என்ற கேள்வி எழுகிறது.

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் பதவி நெடுங்காலம் அரசியல்வாதிகளின் கையில் இருந்தது. பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி இருபது ஆண்டுகள் வரை இருந்தார். அவருக்குப் பின் பிரஃபுல் படேல் 2009 முதல் 2022 வரை. தவணை முடிந்தும் தேர்தல் நடவாத நிலையில் உச்ச நீதிமன்றம் 2022 மேயில் தலையிட்டு நிர்வாகக் குழு ஒன்றை அமைத்தது. இது வெளியார் தலையீடு என்று கூறி அவ்வாண்டு ஆகஸ்ட் 15இல் ஃபிஃபா நம் நாட்டை இடைநீக்கம் செய்தது. நாடு சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய நாள் அது! பதினோரு நாட்களில் தடை நீங்கியது. பின்னர் நடந்த தேர்தலில் முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபே, பாய்ச்சுங் பூட்டியாவை 33-1 என்ற வாக்குகளில் வென்றார். ஆட்டக்காரர் ஒருவர் தலைவரானதில் பலர் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம்.

2023 ஜனவரியில் ஒரு பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. 2047க்குள் ஆசியாவின் முதல் நான்கு நாடுகளில் ஒன்றாக இந்தியா விளங்குமாம். நல்லது. ஆனால் 2024 ஜூலையில் நாட்டு அணிக்குப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்ட மனோலோ மார்க்கஸ், அடுத்த ஆண்டுவரை கோவா கிளப்புக்கும் பயிற்சியாளராகவே நீடித்தார். ஒரே நேரத்தில் இரண்டு வேலை! ஒரு பள்ளிவாசலுக்கே முழு நேர இமாம் வேண்டும் என்று நாம் வலியுறுத்துகிறோம். ஒரு நாட்டு அணிக்கு அரை நேரப் பயிற்சியாளர் போதும் என்று முடிவு செய்தவர்கள் எவர்? எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியுடன் அவர் 2025 ஜூலையில் விலகினார். அடுத்த பயிற்சியாளருக்கு விண்ணப்பம் கோரியபோது, ஸ்பெயினின் சாவியும் கார்டியோலாவும் விண்ணப்பித்திருப்பதாகச் செய்தி பரவி, பின்னர் அவை போலி மின்னஞ்சல்கள் என்று சம்மேளனமே அறிவித்தது. அதைவிடக் கேலிக்கூத்து வேண்டுமா?

அதே மாதம் ஐ-லீக் போட்டியில் வென்றது யார் என்பதை நாம் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தின் தீர்ப்பினால்தான் அறிந்தோம். சம்மேளனம் சர்ச்சில் பிரதர்ஸுக்கு அளித்த பட்டத்தை அது இன்டர் காசிக்கு மாற்றியது. சூப்பர் லீக்கின் வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடையும் என்பது அது கையெழுத்தான 2010 முதலே எல்லாரும் அறிந்த செய்தி. பதினைந்து ஆண்டுகள் இருந்தும் மாற்று ஏற்பாடு இல்லை. 2025-26 பருவம் உரிய காலத்தில் தொடங்கவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு கிளப்பு தன் முதன்மை அணியின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் கிளப்பும் பணிகளை நிறுத்தியது.

நம் வாசகி ஒருவரின் கடிதம் அந்த நேரத்தில்தான் வந்தது. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். பதினான்கு வயது மகன் அஸருக்குப் பின் மைதானத்துக்குப் போனால் மக்ரிபு பாங்கு ஒலிக்கும்போதுதான் திரும்புகிறான். கால்பந்து அகாடமியில் சேர வேண்டுமென்று அடம் பிடிக்கிறான். "இதில் பிழைப்பு உண்டா?" என்று கேட்டிருந்தார். சம்பளம் நின்ற வீரர்களின் செய்தியைப் படித்த கையோடு அவருக்கு என்ன எழுதுவது?

ஆடட்டும் சகோதரி, தடுக்காதீர்கள் என்றே எழுதினோம். ஆனால் பணம் கட்டும் முன்னர் பயிற்சியாளரிடம் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். சீருடையும் பேருந்தும் பளபளப்பதைப் பார்க்காதீர்கள். ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்கள் ஆடக் கொடுப்பார்கள் என்று விசாரியுங்கள். பயிற்சி மட்டும் செய்து ஆட்டமே ஆடாத பையன், தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்றவன். பள்ளிப் படிப்பை நிறுத்தச் சொல்லும் அகாடமி எதுவாயினும் அந்த வாசலை மிதிக்க வேண்டாம். ஹைதராபாத் காவல்துறை அணிக்கு ஐந்து கோப்பைகளைப் பெற்றுத் தந்த ரஹீம் சாஹிபே பட்டதாரி ஆசிரியர்தாம் என்பதைப் பையனிடம் சொல்லுங்கள்.

தலைவர் ஒருவரை மட்டும் ஏசிப் பயனில்லை என்பதும் நம் கருத்து. 33-1 என்று வாக்களித்தவை மாநிலச் சங்கங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும், மாவட்டத்திலும், பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஆண்டு முழுவதும் லீக் ஆட்டம் நடத்த வேண்டியவை அவையே. அவற்றில் எத்தனை அதைச் செய்கின்றன என்று நம் ஊர்ப் பத்திரிகைகள் கேட்பதில்லை. தேர்தல் வந்தால் மட்டும் பெயர்களை அச்சிடுகின்றன.

2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் பயிற்சியாளரானார். 2017இல் மிசோரத்தின் ஐசால் என்ற சிறிய கிளப்புக்கு ஐ-லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் முழுப் பொறுப்புடன் அமர்ந்த இந்தியப் பயிற்சியாளரும் அவரே. செப்டம்பரில் மத்திய ஆசிய நாடுகளின் கோப்பையில் ஓமனை பெனால்டி முறையில் வென்று மூன்றாமிடம் பெற்றுத் தந்தார். பிறகுதான் சிங்கப்பூரும் டாக்காவும் வந்தன. லீக் உரிய காலத்தில் தொடங்காத பருவத்தில், ஆட்டப் பழக்கம் விட்டுப்போன வீரர்களை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும் என்று நாம் கேட்கிறோம். ஹெல்சிங்கிக்குப் பின்னர் ரஹீம் அவர்களுக்குக் கிடைத்த நான்கு ஆண்டுகள் இவருக்கும் கிடைக்க வேண்டும்.

ஆண்கள் தகுதி பெறத் தவறிய அதே ஆண்டில், ஜூலையில், நம் மகளிர் அணி தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குச் சென்றது. நவம்பர் 30ஆம் நாள் அகமதாபாத்தில் நம் பதினேழு வயதுக்குட்பட்ட பையன்கள் ஈரானை 2-1 என்று வென்று அவர்களுடைய ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். ஈரானை!

2017இல் உலகக் கோப்பை ஆடிய நம் பதினேழு வயதுப் பையன்களுக்காகச் சம்மேளனம் 'இந்தியன் ஏரோஸ்' என்ற அணியை மீண்டும் அமைத்து ஐ-லீக்கில் ஆட வைத்தது. ஜீக்சன் சிங், சுரேஷ் போன்றவர்கள் அங்கிருந்துதான் நாட்டு அணிக்கு வந்தனர். 2022இல் அந்த அணி கலைக்கப்பட்டது. ஈரானை வென்ற பையன்களுக்குப் பதினெட்டு வயதாகும்போது அவர்கள் எந்த மைதானத்தில், எவரிடம், வாரம் எத்தனை ஆட்டம் ஆடப் போகிறார்கள் என்பதைச் சம்மேளனம் எழுத்தில் சொல்லட்டும்.